ரிசீவர்: ஒரு சொல்லும் ஒரு பெட்டியும்

‘ரிசீவர்’ என்ற சொல் தமிழரிடையே ஆளுக்கு ஆள் வேறு பொருள் தருகிறது. வழக்கறிஞருக்கு அது, வழக்கு முடியும்வரை சொத்தைப் பராமரித்து வருமானத்துக்குக் கணக்கு வைக்க நீதிமன்றம் அமர்த்தும் ஆளைக் குறிக்கும். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 40-ஆம் கட்டளை முழுவதும் இவரைப் பற்றியதே. பழைய தொடர்கதைகளைப் படித்தவருக்கு, கதாநாயகி கண்கலங்கியபடி ‘வைத்துவிட்ட’ தொலைபேசிக் கைப்பிடி நினைவுக்கு வரும். மொட்டைமாடியில் டிஷ் வைத்திருந்தவருக்கு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சூடாகிக்கொண்டிருந்த பெட்டிதான் ரிசீவர். வீட்டுக்குள்ளேயே திரையரங்கு அமைக்க விரும்புகிறவருக்கோ, அது ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் இயக்கும் கனத்த கருவி. இந்தக் கடைசிப் பொருளில்தான் பெயர் தான் குறிக்கும் பொருளைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கிறது. இரண்டு மாதிரிகளில் எதை வாங்குவது என்று தடுமாறுகிறவர் தவறான கேள்வியிலிருந்து தொடங்குவதற்கும் அந்த விலகல் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘காப்பெரே’ என்றால் பற்றுதல், எடுத்தல். அதன் முன் ‘ரெ’ சேர்ந்து ‘ரெசிப்பெரே’ ஆனது, பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளில். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘ரிசீவர்’ கருவியாக வரவில்லை, மனிதராக வந்தது: வரியும் வாடகையும் தண்டுபவர், திருட்டுப் பொருளை வாங்கிக்கொள்பவர். நீதிமன்றத்து ரிசீவர் இந்தப் பழைய கிளையைச் சேர்ந்தவர். 1870-களில் தொலைபேசி வந்தபோது சொல் அதன் கருவிக்கும் தாவியது. வானொலி வந்ததும் அங்கேயே நிலைத்தது. நம் நாட்டில் அஞ்சலகத்தில் பணம் கட்டி வானொலிக்கு வாங்கிய உரிமத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘ரிசீவர்’ இருந்தது. வானொலிப் பொறியாளர்கள் அதை ‘ஆர்எக்ஸ்’ என்று சுருக்கி எழுதுவார்கள். மருத்துவர் சீட்டின் தலையில் இருக்கும் ‘ஆர்எக்ஸ்’ குறி வேறொன்று. ‘எடுத்துக்கொள்’ என்று ஏவும் ‘ரெசிப்பே’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ஆனால் இரண்டும் ஒரே வினையின் பிள்ளைகள்.

வீட்டு ஒலிக்கருவிக்கு இந்தப் பெயர் வந்தபோது அது பொருத்தமாகவே இருந்தது. 1950-களில் நல்ல ஒலி வேண்டுமென்றவர் வானொலி அலையைப் பிடிக்கும் ட்யூனர், அதைப் பக்குவப்படுத்தும் முன்பெருக்கி, ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றல் பெருக்கி என்று மூன்று தனிக் கருவிகளை வாங்கி இணைக்க வேண்டியிருந்தது. அவற்றை ஒரே உறைக்குள் அடக்கிய முன்னோடிகளில் ஒன்று, 1954-இல் அமெரிக்காவின் ஹார்மன் கார்டன் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபெஸ்டிவல்’. பெருக்கியோடு வானொலியும் சேர்ந்த பெட்டி என்பதால் ரிசீவர். வானொலி இல்லையென்றால் வெறும் ஆம்ப்ளிஃபயர். அந்நாட்டில் 1961-இல் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியபோது வானொலியே முதன்மையான இசை ஊற்றுகளில் ஒன்றாக இருந்ததால், பெயரைப் பற்றி யாருக்கும் ஐயம் எழவில்லை.

பிறகு பெட்டி மாறியது, பெயர் மாறவில்லை. 1982-இல், சுற்றிலுமிருந்து ஒலி கேட்கச்செய்யும் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது; டிவிடி வந்தபின் ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிகளுக்கென ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பு பரவலானது. 2002-இல் வெளியான எச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுவந்தது. 2014-இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வீட்டுக்கூரைக்கும் ஸ்பீக்கர் கேட்டது. இன்றைய பெட்டியில் வானொலி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. சில உயர்விலை மாதிரிகளில் அந்த மூலையும் இல்லை. இக்கருவிகளின் பெரும் பிராண்டுகளில் பல ஜப்பானைச் சேர்ந்தவை, அந்நாட்டு மக்களோ பேச்சில் இதை ‘ஏவி ஆம்ப்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது இது செய்யும் வேலைதான் என்ன? ஏரிப் பாசனம் அறிந்தவருக்கு விளக்குவது எளிது. மதகைத் திறந்து, எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில் என்று பங்கிட்டு விடுபவரை ஊர்களில் நீர்க்கட்டி, மடையர் என்று அழைப்பார்கள். ‘சேனல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வாய்க்கால் என்பதே பழைய பொருள். பெட்டியும் அதையே செய்கிறது: பல ஊற்றுகளில் ஒன்றைத் திறக்கிறது, பொதிந்து வரும் ஒலியைத் தடம் தடமாக, அதாவது சேனல் சேனலாக, பிரிக்கிறது, தாழ்ந்த ஒலிகளைச் சப்வூஃபர் பக்கம் திருப்புகிறது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏற்ற அளவையும் தாமதத்தையும் கணக்கிட்டு, கடைசியாகப் பெருக்கி அனுப்புகிறது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், நம் காதுக்கு 2 மீட்டர் நெருக்கமாக இருக்கும் ஸ்பீக்கரை அது ஏறத்தாழ 6 மில்லிநொடி தாமதிக்க வேண்டும். பெறுவது இந்த வேலைகளில் முதல் படி மட்டுமே.

இரண்டு போட்டி மாதிரிகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச், யமாஹா ஆர்எக்ஸ்-வி6ஏ இரண்டும் 7.2 தடங்கள் கொண்டவை, அதாவது ஏழு ஸ்பீக்கருக்கும் இரண்டு சப்வூஃபருக்கும் இடமுள்ளவை. இரண்டும் அட்மாஸ் அறிந்தவை. தாளில் முதலில் கண்ணில் படுவது ஆற்றல்: டெனானுக்குத் தடத்துக்கு 80 வாட், யமாஹாவுக்கு 100 வாட். கடைக்காரர் இந்த 20 வாட்டைத்தான் அழுத்திச் சொல்வார். ஆனால் இரண்டும், 8 ஓம் ஸ்பீக்கரில், இரண்டே இரண்டு தடங்கள் மட்டும் இயங்கும்போது எடுத்த அளவு. ஏழும் ஒருசேர இயங்கும்போது இரண்டிலுமே அந்த ஆற்றல் கிடைக்காது. மேலும், காது ஆற்றலை மடக்கைக் கணக்கில்தான் உணர்கிறது: ஆற்றல் இரு மடங்கானால் உயர்வு 3 டெசிபெல்; 80-க்கும் 100-க்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ 1 டெசிபெல். இதை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூர்ந்து கேட்டால் உணரலாம். மறுநாள் கேட்டால் உணர முடியாது.

எச்டிஎம்ஐ துளைகள் டெனானில் 6, யமாஹாவில் 7. எல்லாமே செட்-டாப் பெட்டியும் ஒரு பிளேயருமாக இரண்டு மூன்று கருவிகள் மட்டுமே உள்ள வீட்டில் இந்த வேறுபாடும் பெரிதல்ல. தொலைக்காட்சியிலிருந்து ஒலியைத் திரும்பப் பெறும் ஈஆர்க் வசதி இரண்டிலும் உண்டு.

தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம், அறைக்கேற்ப ஒலியைச் சீர்செய்யும் ஏற்பாடு. நம் வீட்டு அறைகள் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்டவை. பட்ட ஒலியில் பெரும்பகுதியை அவை திருப்பி அனுப்பிவிடும். 4 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நின்று முழங்கும். படத்தில் கதவு சாத்தினாலும் குண்டு வெடித்தாலும் ஒரே ‘கும்’ என்று கேட்பது இதனால்தான். சிறு மைக் ஒன்றை உட்காரும் இடங்களில் வைத்து அளந்து, இந்த முழக்கத்தைக் குறைக்கும் வேலையை டெனானில் ஆடிசி என்ற மென்பொருளும் யமாஹாவில் ஒய்பாவோ என்பதும் செய்கின்றன. யமாஹாவில் அளந்து முடித்தபின் சமன்செய்யும் புள்ளிகளைப் பெட்டியிலேயே கையால் திருத்தலாம். டெனானில் எந்த அதிர்வெண்வரை திருத்தம் போக வேண்டும் என்று வரையறுக்க, தனியே பணம் கொடுத்து ஒரு செயலி வாங்க வேண்டும். கையால் திருத்தப் பொறுமை உள்ளவர் யமாஹாவையும், எல்லையை மட்டும் வரைந்துவிட்டு மற்றதை மென்பொருளிடம் விடுபவர் டெனானையும் எடுப்பது தகும். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும்: ஒலி மிகுந்து நிற்கும் இடத்தை எந்த மென்பொருளும் தணிக்கும், ஒலியே ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பள்ளத்தை எதுவும் நிரப்பாது. அதற்குச் சப்வூஃபரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான் வழி.

இனித் தமிழ்ச் சொல். ‘பெறுநர்’ மனிதருக்கு உரியது. பள்ளியில் கடிதம் எழுதிப் பழகிய எவரும் அதைப் பெட்டிக்குச் சூட்டமாட்டார். ‘பெறுவி’ என்ற ஆக்கத்தில் ஓர் இடறல் உண்டு: செய்வி, வருவி என்பவை போல ‘வி’ பிறவினை காட்டுவதால், அது பெறச்செய்வது என்றே பொருள்படும். ‘வாங்கி’ பாக்குவெட்டி, வடிகட்டி போன்று இயல்பான அமைப்பு. ஆனால் ‘ஒலிவாங்கி’ மைக்குக்கு நிலைத்துவிட்டது. ‘ஏற்பி’ உயிரியலில் உயிரணுவின் மேலுள்ள புரதத்துக்கு வழங்குகிறது என்றாலும், வானொலி அலையை ஏற்கும் கருவிக்கும் துறை வேறுபாட்டால் குழப்பமின்றிப் பொருந்தும். இவை எல்லாம் ‘பெறுதல்’ என்ற ஒரே வினையை மொழிபெயர்க்கின்றன. நம் பெட்டியோ அந்த வினையைவிட்டு விலகிவிட்டது. ‘ஒலிபெருக்கி’ என்றால் மக்கள் ஸ்பீக்கரையே நினைப்பார்கள், கோயில் திருவிழாக் குழாய் உட்பட. ஆகவே எழுத்தில் ‘பல்தடப் பெருக்கி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்: எத்தனை தடம், எப்படிப் பெருக்குகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அது பெயரிலேயே வைத்திருக்கிறது. பங்கிடும் வேலையை அது சொல்லாதது குறைதான். ‘ஒலிமடை’ என்றால் அதுவும் அடங்கும், ஆனால் அச்சொல்லை முதல் முறை படிப்பவருக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படும். நீதிமன்றத்தாருக்குப் பெறுநர், வானொலிக்கு ஏற்பி, இதற்குப் பல்தடப் பெருக்கி என்று ஆங்கிலத்தின் ஒரே சொல்லைத் தமிழில் மூன்றாகப் பிரித்து வைக்கலாம். மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்கும்போது ‘5.1 ஆம்ப்’ என்றாலே போதும். ஜப்பானியர் பேச்சிலும் அது ஆம்ப்தான்.