ஜெபித்ததும் வலி குறைவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை எந்தச் சபையின் உபவாச ஜெபத்திலும் இறுதியில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்களைக் கவனித்துக் கேட்டால், தலைவலி, முதுகுவலி, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை ஆகியவை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். "எண்ணெய் பூசி ஜெபித்ததும் வலி போயிற்று" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. வலி உண்மையாகவே குறைந்திருக்கிறது. அது உடலுக்குள் எந்த வழியாகக் குறைகிறது என்பதை உடலியல் கடந்த அரை நூற்றாண்டில் ஓரளவு தெளிவாகவே கண்டறிந்துள்ளது.

காயம்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே வரும் செய்தியை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் பாதைகள், அந்தச் செய்தியை வழியிலேயே தணிக்கவோ கூட்டவோ வல்லவை. 1978இல் அமெரிக்காவில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு, அபினி வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் செலுத்தப்பட்டபோது, குறைந்திருந்த வலி மீண்டும் கூடியது. ஆறுதல் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே உடலைத் தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்பினைச் சுரக்கச் செய்திருக்கிறது என்பதற்கு அது முதல் வலுவான சான்றாக அமைந்தது. 2008இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு விசுவாசிகளையே நேரடியாகச் சோதித்தது. சிறு மின்னதிர்ச்சிகளைத் தாங்கியபடி மாதாவின் ஓவியத்தைப் பார்த்த 12 கத்தோலிக்கர்கள், வேறொரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்தபோது உணர்ந்ததைவிடக் குறைந்த வலியையே உணர்ந்தார்கள். அந்நேரத்தில் அவர்களது மூளையின் வலப்பக்க முன்பகுதியில், ஒன்றின் பொருளை மாற்றி எண்ணிப் பார்க்கும்போது இயங்கும் இடம் கூடுதலாக இயங்கியது. சமய நம்பிக்கையற்ற 12 பேரிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் ஜெபமாலை சொல்லும்போது 'அருள்நிறைந்த மரியே' மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்கிறார்கள். இம்முறையில் இலத்தீன் மொழியில் சொன்ன 23 பேரை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் அளந்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து விநாடி ஆவதால் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இயல்பாகவே பத்து விநாடிக்கொரு முறை ஏறி இறங்கும் ஓர் அலை இருப்பதால், இரண்டும் ஒத்திசையும்போது இதயத்துடிப்பைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்பெறுகிறது. (ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளை உருட்டும்போது நம் வீடுகளில் கூடிவிடும் வேகத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.)

வலி குறைவதும் நோய் நீங்குவதும் வேறு வேறு என்பதற்கு இம்மாவட்டத்துக்கு நன்கு பழக்கமான எடுத்துக்காட்டு வயிற்றுப்புண். 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், இங்கிலாந்தில் காத்திருந்த வாழ்வை விட்டு நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு மிஷனரியாக வந்தபோது, தென் திருவிதாங்கூரில் இப்புண் மிகப் பரவலாக இருந்தது. அதற்கான அறுவைச் சிகிச்சையில் அவர் பெயர் பெற்றார். இந்தப் புண்ணுக்குத் தானாக ஆறி மீண்டும் தோன்றும் இயல்பு உண்டு. பிற்காலத்து மருந்துச் சோதனைகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நான்கு வாரங்களில் புண் ஆறியிருந்ததை எண்டோஸ்கோப் காட்டியது. மனிதர் ஜெபிக்கக் கேட்டுப் போவது வேதனை உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்குப் பின் வருவது எப்படியும் இறக்கமே என்பதால், அந்த இறக்கம் முழுவதும் ஜெபத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மாத்திரைகளும் இப்படிப் பெயர் வாங்கியவைதான். பெரும்பாலான புண்களுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்து 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். நுண்ணுயிர்க்கொல்லிகளால் அதை ஒழித்தாலொழிய ஆறிய புண் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி.

எதிர்பார்ப்பால் எண்டார்பின் சுரக்கும். ஆனால் காசநோய்க் கிருமி அதனால் சாவதில்லை, இன்சுலினே சுரக்காத கணையம் அதனால் சுரக்கத் தொடங்குவதுமில்லை. வலி போய்விட்டதே என்று மருந்தை நிறுத்துவதில் உள்ள ஆபத்து இங்கேதான் இருக்கிறது: எச்சரிக்கை மணி ஓய்ந்துவிடுகிறது, தீ எரிந்துகொண்டேயிருக்கிறது.

நோயாளிக்குத் தெரியாமல் வேறிடத்திலிருந்து பிறர் ஏறெடுக்கும் ஜெபத்தை அளக்கும் முயற்சியும் நடந்தது. அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வின் முடிவில், தமக்காக ஜெபிக்கப்படுமா இல்லையா என்று தெரியாதவர்களுள் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. ஜெபிக்கப்படுவதை உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடாக இருந்தது. ஜெபிக்கும் அளவுக்கு நம் நிலை மோசமா என்ற அச்சம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் விளக்கினர். எனக்கு இந்த ஆய்வின் அடிப்படையிலேயே ஐயம் உண்டு. ஜெபிக்கப்படாத குழு என்று ஒதுக்கப்பட்டவர்களின் தாயும் மனைவியும் வீட்டில் முழங்காலில் நிற்பதை எந்த ஆய்வாளரும் தடுக்கவில்லை, தடுக்கவும் இயலாது. கர்த்தரைப் பரீட்சை பார்க்கலாகாது என்று நம்புகிற விசுவாசிக்கோ இந்தக் கேள்வியே பிழையானது.

அற்புதம் என்று அறிவிப்பதில் கத்தோலிக்கத் திருச்சபை காட்டும் தயக்கம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன்பு, அவரது பரிந்துரையால் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் அற்புதத்தை வத்திக்கான் முறைப்படி ஆராய்ந்து 2020இல் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் பதினான்காம் பெனடிக்ட் என்ற திருத்தந்தையான லம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவைகளின்படி, நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானே தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. குணம் திடீரென்றும் முழுமையாகவும் வந்து நிலைத்திருக்க வேண்டும். கொடுத்த மருந்து அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இவற்றை முதலில் சோதிப்பவர்கள் மருத்துவர்களே. உபவாச ஜெபத்தில் சாட்சியாக வரும் தலைவலியும் முதுகுவலியும் அவர்கள் மேசைவரை போய்ச் சேருவதேயில்லை.