டேக் கையில் இருந்தால் யூசியில் இடம் உறுதியா?

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்கு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாம். 1960-ல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இந்த வழியில் எங்கே இடறுகிறார்கள் என்று பார்ப்போம். நான் பார்த்தவரை படிப்பில் யாரும் விழவில்லை. சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்ல ஆள் இல்லாமல்தான் விழுந்தார்கள்.

முதலில் டேக், அதாவது டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி. கேட்ட ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), கேட்ட பாடங்கள் இருந்தால் இடம் உறுதி என்று வளாகம் தரும் உத்தரவாதம் இது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு மட்டுமே தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போட முடியும். அங்கேயும் கூட்டம் மொய்க்கிற சில மேஜர்களுக்கு (பட்டத்துக்கான முக்கியப் பாடப்பிரிவுகளுக்கு) டேக் கிடையாது. எந்த வளாகத்தில் எந்த மேஜர் விலக்கு என்பதை யூசி வருடாவருடம் வெளியிடும் டேக் மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையில் பாருங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்.

டேக் போட செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் நேரம். அதைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. யூசி விண்ணப்பம் தனி. அக்டோபர், நவம்பரில் அதையும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் டேக் வெறும் காகிதம். இரண்டிலும் பாடங்களும் மதிப்பெண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது, கவுன்சலர் அலுவலகத்தில் காதில் விழும் "இது டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்ற பதில். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கம்ப்யூட்டர் சயன்ஸுக்குப் போக நினைத்தாள். பிசினஸ் கால்குலஸ் எடுக்கலாமா என்று கேட்டாள், ஆகும் என்றார்கள். பொய்யில்லை, யூனிட் கணக்கில் ஏறியது. ஆனால் அவள் மேஜர் கேட்டது இன்ஜினியரிங் மாணவர்கள் படிக்கும் கால்குலஸ் வரிசை. அதைப் புதிதாகத் தொடங்கியதில் ஒரு வருடம் போனது. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னோம் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியான கேள்வி எது என்று எப்படித் தெரியும்?

அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பாடம், இந்த வளாகத்தில், இந்த மேஜருக்கு, எந்தப் பாடத்துக்கு ஈடு?" பதில், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் காலேஜ், போக வேண்டிய வளாகம், படிக்கும் வருடம், மேஜர் நான்கையும் தேர்ந்தெடுங்கள். இடதுபக்கம் யூசி பாடம், வலதுபக்கம் உங்கள் காலேஜ் பாடம். வலதுபக்கம் "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்று இருந்தால் அதற்கு ஈடான பாடம் உங்கள் காலேஜில் இல்லை. சில இடங்களில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே "அண்ட்" இருக்கும். அத்தனையும் முடித்தால்தான் ஈடு. பாதியில் காலேஜ் மாறினால், அதுவும் குவார்ட்டர் முறையிலிருந்து செமஸ்டர் முறைக்கு மாறினால், வரிசை உடைந்துவிடும். ஒவ்வொரு டெர்மும் அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். கவுன்சலர் சொன்னதையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று கேட்டு அனுப்புங்கள். அடுத்த முறை வேறு கவுன்சலர் இருப்பார், வேறு பதில் வரும்.

கம்யூனிட்டி காலேஜ் தரும் ஏடிடி (அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்) என்ற பட்டத்தையும் சிலர் யூசி உத்தரவாதமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது சிஎஸ்யூவுக்கான (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான) ஏற்பாடு, யூசிக்கானது அல்ல. அங்கேயும் நீங்கள் விரும்பிய வளாகம்தான் கிடைக்கும் என்பதில்லை. காலேஜ் உங்களை அந்தப் பாதையில் போட்டிருந்தால், உங்கள் யூசி மேஜருக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இலையுதிர் டெர்மில் சேர, யூசிக்கு மாற்றக்கூடிய 60 செமஸ்டர் யூனிட்டும் (குவார்ட்டர் என்றால் 90) ஆங்கிலம், கணிதம் உள்ளிட்ட ஏழு பாடங்களும் வசந்த டெர்ம் முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். "கடைசிப் பாடத்தை சம்மரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே பெரும்பாலும் நடக்காது. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஜிபிஏவை உயர்த்தவும் முடியாது. சி-க்குக் கீழே போனதை மட்டும்தான் திரும்ப எடுத்தால் கணக்கில் ஏறும்.

பழைய பதிவுகளை மறைக்காதீர்கள். ஹைஸ்கூலில் இருந்தபடியே காலேஜ் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் எடுத்து விட்டுப்போன பாடம், ஊரில் ஒரு வருடம் படித்து நிறுத்திய இன்ஜினியரிங் எல்லாமே விண்ணப்பத்தில் வர வேண்டும். பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம். ஜனவரியில் இலையுதிர் டெர்ம் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்லி யூசி கேட்கும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

கடைசியாகப் பணம். கம்யூனிட்டி காலேஜ் உங்களைக் கலிஃபோர்னியாவாசி என்று ஏற்றுக்கொண்டிருந்தாலும், அது யூசியைக் கட்டுப்படுத்தாது. யூசி தனியாக ஒரு வதிவிடப் படிவம் கேட்டு, தானே முடிவு செய்யும். வெளியாள் என்று முடிவானால் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல். எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளை 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் இந்தக் கணக்கே மாறும். விசா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே, போகவிருக்கும் வளாகத்தின் வதிவிட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.