ஒரே ஐந்துச் சோடி, இரண்டு மேசை

எங்கள் வீட்டில் கடதாசி விளையாட்டு என்றால் 304தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தப்பா வந்தால், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பாய் விரித்துவிடுவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. யார் வீட்டில் விளையாடினாலும் ஜாக் 30தான்.

போக்கரில் அப்படி இல்லை. முன்னால் எவ்வளவு காசு இருக்கிறது, சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே கடதாசியின் பெறுமதி ஏறும், இறங்கும். வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இதைப் படிப்பித்தவர்கள் என்னிடம் வரும் இளம் பிள்ளைகள்தான். அவர்களில், போக்கரில் காசு விட்ட ஒரு தம்பியின் கதையை, அடையாளங்களை மாற்றி, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

"அக்கா, நான் பிழையா விளையாடேல்லை. முதல் மேசையில செய்ததைத்தான் ரெண்டாவதிலயும் செய்தனான்" என்றார். அந்தச் சொல்லிலேயே பிழை இருந்தது.

மேசையில் ஒரு பை கடலையைக் கொட்டி, நடந்ததை அப்படியே காட்டச் சொன்னேன். முதல் மேசையில் பிளைண்ட், அதாவது கடதாசி பார்க்க முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் தொகை, 500, 1,000. ஒரு லட்சம் ரூபாயோடு உட்கார்ந்திருக்கிறார். போக்கரில் ரூபாயை எண்ணுவதில்லை, பெரிய பிளைண்டால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவரிடம் 100 பிளைண்ட். கையில் ஐந்துச் சோடி, அதாவது இரண்டு ஐந்து. ஒருவர் 4,000 என்றார், இவரும் அதே தொகையை வைத்துக் கோல் பண்ணினார். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று கடதாசியில் இன்னோர் ஐந்து விழுந்தது. எதிராளியின் முழுக் காசும் வந்தது.

சோடி கையிலிருக்க, மூன்றாவது அந்த முதல் மூன்றில் விழுவது ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான். விழாத ஏழரைத் தடவையும் 4,000 வீதம் போனால் 30,000. விழுகிற ஒரு தடவை எதிராளியிடமிருந்து 96,000 வரை எடுக்க இடமிருக்கிறது. சரி, அங்கே அந்தக் கோல் நியாயம்.

பதினொரு மணிக்குப் பிறகு, வென்றதை மாற்றி எடுத்து வைத்துவிட்டு, பெரிய மேசைக்கு மாறினார். பிளைண்ட் 2,500, 5,000. கொண்டுபோனது அதே ஒரு லட்சம். இப்போது அது 20 பிளைண்ட். மறுபடி ஐந்துச் சோடி. ஒருவர் 15,000 என்றதும் யோசிக்காமல் கோல். விழாத ஏழரைத் தடவைக்கு 1,12,500 போகும். விழுந்தால், எதிராளி மிச்சம் 85,000ஐயும் தந்தால்கூட, அவர் முதலில் வைத்த 15,000ஐயும் பிளைண்டையும் சேர்த்து வருவது 1,07,500. அதையும் அவர் ஒவ்வொரு முறையும் தரப்போவதில்லை. 20 பிளைண்டோடு இருப்பவருக்குச் சின்னச் சோடியால் இப்படி விலை கொடுத்துக் காத்திருக்க வசதியில்லை. ஏஸ்-கிங், பெரிய சோடி வந்தால் முழுவதையும் வைப்பது, இல்லையென்றால் கடதாசியைப் போட்டுவிட்டு விலகுவது. வழி அவ்வளவுதான். எதிராளியிடம் ஐந்து லட்சம் இருந்தாலும் கணக்கு மாறாது. இருவரில் குறைந்தவரின் காசுதான் அந்தக் கையின் ஆழம்.

ஆட்களும் மாறியிருந்தார்கள். முதல் மேசையில் அமைதியான ஐந்து பேர், ரெய்ஸ் பண்ணினால், அதாவது தொகையைக் கூட்டினால், கடதாசியைப் போட்டுவிடுவார்கள். இரண்டாவதில் குடித்துவிட்டு எதற்கும் கோல் பண்ணுகிற கூட்டம். அவர்களிடம் இவர், நல்ல கை இருப்பதுபோல் காட்டி, மூன்று தடவை புளஃப் அடித்திருக்கிறார். கடதாசியைப் போடத் தயாராக இல்லாதவரிடம் எதற்குப் புளஃப்? அங்கே நல்ல கை வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. எனக்கே அவர்தான் சொல்லித் தந்தார். பிறகு ஏன்? வென்ற சூட்டில் மேசையைப் பார்க்கவே இல்லை. ஒரு லட்சமும் போனதும், வென்று வைத்த காசும் போனது. அதன்பிறகு, கடைக்குச் சாமான் தருபவரின் செக்குக்காக வைத்திருந்த காசை எடுத்துச் சிப்ஸ் வாங்கினார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பார்த்தது முன்னால் இருக்கும் சிப்ஸை அல்ல, போன காசை. விட்டதைப் பிடிக்கப் போகிறவருக்கு 20 பிளைண்டும் ஒன்றுதான், 100 பிளைண்டும் ஒன்றுதான்.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல், சூதாட்டக் கோளாறை அடிமையாதல் பகுதிக்குள் கொண்டுவந்தது. அதன் ஒன்பது அறிகுறிகளில் விட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவதும் ஒன்று. ஒரு வருடத்துக்குள் நாலோ அதற்கு மேலோ இருந்தால் அதைக் கோளாறு என்கிறோம். தம்பியிடம் இதுவும், தொகையைக் கூட்டிக்கொண்டே போவதும், மனைவிக்குப் பொய் சொல்வதும் இருந்தன. மூன்று. நாலாவது வரும்வரை காத்திருக்காமல் வந்தாரே என்று எனக்கு நிறைந்த நிம்மதி. உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள்.

போன கிழமை வந்தபோது அவரே கடலைப் பையை இழுத்து இருபதை எண்ணி வைத்தார். ஐந்துச் சோடியை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கவிழ்த்துத் தள்ளிவிட்டார். அப்புறம் செக் புத்தகத்தைத் திறந்தோம். முதல் திகதி வருகிற 15. அதற்கு முன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் மிச்ச நேரம் முழுவதும் போனது.