டூவீலர் லைசென்ஸ் தேர்வு: எட்டு மட்டும் போதாது, விதி கேட்பது இன்னும் நிறைய

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஒருவர் லைசென்ஸ் எடுக்கப் போய் வந்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எட்டு போட்டாச்சா?" என்பதுதான். எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டியவர் பாஸ், நடுவில் கால் ஊன்றியவர் ஃபெயில் என்றே பேச்சு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, தேர்வு நாளில் கூடவே போய் நிற்பவன் என்பதால் சொல்கிறேன்: எட்டைத் தாண்டி விதி என்ன கேட்கிறது என்று தெரியாமல் போவதால்தான் நன்றாக வண்டி ஓட்டுகிறவர்கள்கூட அங்கே தடுமாறுகிறார்கள்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, தேர்வுக்கு வருபவர் எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்வதில் தொடங்கி, பாதசாரிகளிடம் மரியாதையாக நடந்துகொள்வது வரை நீளும் பட்டியல் அது. அதில் ஒரு வரி, வண்டியைத் தன்னம்பிக்கையோடு திருப்பவும், கியரையும் பிரேக்கையும் அலுங்காமல் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. கவனம் சிதறாமல், சமயோசிதத்தோடு ஓட்ட வேண்டும் என்பது இன்னொரு வரி. ஆக, தன்னம்பிக்கை என்பது தேர்வு நடத்துகிற மோட்டார் வாகன ஆய்வாளர் தன் மனம்போல் போடுகிற மதிப்பெண் இல்லை. விதியிலேயே எழுதி வைத்திருக்கிற தகுதி அது.

அதே பட்டியலில் மலைக்காரர்களான நமக்கென்றே எழுதியதுபோல் இரண்டு வரிகள் உண்டு. இறக்கத்தில் போகும்போது சட்டென்று கீழ் கியருக்கு மாற்ற வேண்டும் என்பது ஒன்று. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னுக்கு உருளவிடாமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது மற்றொன்று. சமவெளியில் லைசென்ஸ் எடுப்பவருக்கு இவை வெறும் வரிகளாகவே இருந்துவிடலாம். நமக்கு வீட்டு வாசலைத் தாண்டினாலே இதுதான் வேலை.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குள் போய் எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பிக்க வேண்டும். கணினி கைவராதவர்கள் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். சாலைக் குறியீடுகள், விதிகள் பற்றிய கேள்விகளில் 60 சதவீதம் சரியாகச் சொன்னால் எல்எல்ஆர் கிடைக்கும். அது 6 மாதம் செல்லும். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் ஆகாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. மத்திய விதிப்படி தேர்வுக் கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்தவர்களுக்கு உதகை ஆர்டிஓ அலுவலகம். கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்களுக்குக் கூடலூரிலேயே பகுதி அலுவலகம் இருக்கிறது.

அந்த 30 நாளைச் சும்மா காத்திருக்கும் நாட்களாக எண்ணாதீர்கள். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஆளைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தங்கையைப் பள்ளியில் விட்டு வருகிறேன், அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன் என்பதெல்லாம் லைசென்ஸ் வந்த பிறகுதான்.

எந்த வண்டியில் தேர்வு கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். கியர் வண்டியில் தேறினால் கியர் இல்லாத வண்டிக்கும் தேறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் கியர் இல்லாத வகை மட்டும்தான். கியர் வண்டி ஓட்டப்போவதே இல்லை என்று உறுதியாக இருப்பவர் ஸ்கூட்டரில் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் பின்னால் ஒரு பைக் வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே கியர் வண்டியில் பழகிக் கொடுத்துவிடுவது நல்லது. எஸ்டேட்டில் நாள் கூலிக்கு இலை பறிக்கிறவருக்கு ஒரு நாள் ஊட்டி போய் வருவதே ஒரு நாள் சம்பளம். அதை இரண்டு முறை இழப்பானேன்?

தேர்வுக்குக் கொண்டுபோகிற வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகாமல் தலையில் போட்டு, பட்டையையும் பூட்டுங்கள். இரவல் வண்டியானால் இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

இனி எட்டு. நான் முதல் முறை எட்டில் தோற்றவன். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சக்கரத்தைப் பார்த்தால் வண்டி எங்கே போகிறது என்று தெரியாது, தடுமாற்றம் மட்டும்தான் தெரியும். பாதி வளைவில் ஆக்சிலேட்டரை விட்டேன், இன்ஜின் அணைந்தது, கால் தரையில். அடுத்த முறை போவதற்குள் ஒரு பெரியவர் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக் கொடுத்தார்: போக வேண்டிய இடத்தைப் பார், வண்டி தானாக வரும். ஒரு வளைவில் நுழையும்போதே கண் அதன் முடிவுக்குப் போய்விட வேண்டும். முதல் கியரில், பாதி கிளட்சில், ஆக்சிலேட்டரை ஒரே அளவாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைப் பின்பிரேக்கால் லேசாகக் கட்டுப்படுத்துங்கள். வளைவுக்கு நடுவே முன்பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில் மடங்கி வண்டி சாயும். எட்டில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறார்கள்.

வேகமாகப் போய்க் காட்டினால் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது நம் பையன்களிடம் இருக்கிற தவறான எண்ணம். மெதுவாகப் போகிற வண்டியை நேராக வைத்திருப்பதுதான் கடினம், ஆய்வாளர் பார்ப்பதும் அதைத்தான். ஊரில் பெரியவர்கள் இன்றும் அவரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அவர் சொல்வது காதில் விழவில்லை என்றால், "சார், இன்னொரு முறை சொல்லுங்க" என்று கேளுங்கள். தெரியாமலே தலையாட்டிவிட்டுத் தப்பான பக்கம் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

கை சிக்னலை வீட்டிலேயே பழகுங்கள். வலது பக்கம் திரும்ப வலக்கையைப் பக்கவாட்டில் நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்புவதானாலும் வலக்கைதான்: நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நிறுத்தப்போகிறோம் என்றால் முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். ஆக்சிலேட்டர் வலக்கையில் இருப்பதால் கையை எடுத்ததும் வேகம் குறையும். பழகாதவர்கள் அந்த இடத்தில்தான் பதறுகிறார்கள். அப்புறம், கண்ணாடியைப் பார்க்காமல் சிக்னல் போடாதீர்கள். கிளம்பும் முன், திரும்பும் முன், நிற்கும் முன் என ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைப் பார்க்கச் சொல்கிறது விதி.

மேட்டு வேலைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில், எங்கள் பக்கத்து லைன் வீட்டுப் பெண் ஒருத்தி தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் மேட்டில் பழகிக்கொண்டிருந்தாள். ஈரத் தார்ச்சாலை, அதில் ஒட்டிக்கிடக்கும் கற்பூர மர இலைகள். இடக்கால் தரையில், வலக்கால் பின்பிரேக்கில். முதல் கியர் போட்டு, கிளட்சை விரல் விரலாக விட்டாள். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கி, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கிய நொடியில், "இப்ப பிரேக்கை விடும்மா" என்றேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. அந்தச் சத்த மாற்றம்தான் அடையாளம். அதைக் காது பிடித்துவிட்டால் பதற்றமே வராது. ஸ்கூட்டரில் இன்னும் எளிது: இடக்கைப் பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, வண்டி முன்னே இழுக்கும்போது விட வேண்டும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம்மூரில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்க 36. அவ்வளவு தூரமும் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். கீழ் கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். விதி 15 கேட்கிற இறக்கத்து கியர் மாற்றத்தின் காரணமும் இதுதான். அகலம் போதாத மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதி. எல்எல்ஆர் கேள்விகளுக்கும் இதைப் படித்து வையுங்கள்.

தேறவில்லை என்றால்? 7 நாள் கழித்து மறுபடி போகலாம், கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஓட்டுநர் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது 2019-இல் திருத்திய சட்டம். எல்எல்ஆரின் 6 மாதக் கணக்கு இடையில் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கான அனுமதி மட்டும்தான். இன்று பரவலாக ஓடுகிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேற்பட்டவை, அவற்றுக்கு 18 ஆக வேண்டும். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் பெரியவருக்கு அபராதம் 5,000 ரூபாய்.

தேறியவருக்கு லைசென்ஸ் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வரும். எஸ்டேட்டில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் எண், பின்கோடு எல்லாவற்றையும் முழுதாக எழுதுங்கள். 30 வயதுக்குள் எடுத்தால் அது 40 வயது வரை செல்லும். போனில் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் லைசென்ஸும் செல்லுபடியாகும். ஆனால் மலைப்பாதையில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, அட்டையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.