பெல்டியர் துருவத்தை மாற்றும்போது ரிலே ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பெல்டியர் தகடு என்பது மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு. அதற்குப் போகும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுத்தால் குளிர்ந்த பக்கம் சூடாகும், சூடான பக்கம் குளிரும். ஒரே பெட்டியைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் இது வசதி. அதனால் ஒரு ரிலேயை (காயில் என்ற காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி, அதன் கான்டாக்ட்களை, அதாவது தொட்டுப் பிரியும் முனைகளை, குறுக்காக இணைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பிவிடுகிறார்கள். பழுது பார்க்க என்னிடம் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த இணைப்புதான் இருக்கிறது.

அப்படி வந்த ரிலேயின் மூடியைக் கழற்றினால் உள்ளே கரி படிந்திருக்கும். காயிலில் மின்சாரம் இல்லாவிட்டாலும் கான்டாக்ட் பிரியாது. வெள்ளி முனை உருகி எதிர்முனையோடு ஒட்டியிருக்கும்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 12706 என்ற மாடல் பெல்டியர் தகட்டின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம், உச்ச மின்னோட்டம் 6 ஆம்ப். இரு பக்கத்துக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது தகடே சுமார் இரண்டரை வோல்ட் உண்டாக்கும். வழக்கமான ஓட்டத்தில் இது சப்ளைக்கு எதிராக நிற்பதால், 12 வோல்ட்டில் ஐந்து ஆம்புக்குக் கொஞ்சம் குறைவாகவே போகும். சட்டென்று திருப்பினால் அதே இரண்டரை வோல்ட் சப்ளையோடு சேர்ந்துகொள்ளும். மின்னோட்டம் ஏழு ஆம்பைத் தாண்டும். ரிலே மூடும்போது கான்டாக்ட் சில தடவை துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் அந்த ஏழு ஆம்ப் பொறியாகிறது. நாலைந்து தகடுகளைப் பக்க இணைப்பில் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே ரிலே திசையை மட்டும் மாற்றட்டும். மின்னோட்டத்தை விடுவதும் நிறுத்துவதும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் வேலை. முதலில் மாஸ்ஃபெட்டை அணையுங்கள். தகட்டின் இரு பக்கமும் ஓரளவு சம வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். தகட்டுக்குள் இருக்கும் சால்டர் இணைப்புகள் விரிசல் விடாமல் இருக்கவும் இந்தப் பொறுமை தேவை. அப்புறம் ரிலேயைத் திருப்பி, 100 மில்லி விநாடி விட்டு மாஸ்ஃபெட்டைப் போடுங்கள். மின்னோட்டம் இல்லாத நேரத்தில் அசையும் கான்டாக்ட்டில் பொறி வராது.

மாஸ்ஃபெட் எது என்பதிலும் கவனம் வேண்டும். ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்க அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் 10 வோல்ட் கொடுக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து சூடாகும். அதற்கு ஐஆர்எல்இசட்44என் சரி. பழைய பழக்கத்தில் 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டால் அதற்கே ஒரு பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வேண்டும். ரிலே காயிலை இயக்க பிசி547 என்ற சிறிய டிரான்சிஸ்டர் போதும், 12 வோல்ட் காயில் என்றால் பெரும்பாலும் சில பத்து மில்லி ஆம்ப்தான் இழுக்கும். ஆனால் காயிலுக்குக் குறுக்கே டையோடு கட்டாயம்.

ஃபில்டர் கெபாசிட்டரை ரிலேக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். தகட்டின் முனைகளிலேயே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை வைத்தால், துருவம் மாறியதும் அது வெடிக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ரிலே சூடாக்கும் பக்கமே ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். கன்ட்ரோலர் குளிர்விக்கச் சொல்கிறது, பெட்டியோ சூடாகிறது. சூடு ஏற ஏற, இன்னும் குளிர் வேண்டும் என்று கன்ட்ரோலர் மின்னோட்டத்தைக் கூட்டும். பெல்டியர் சூடாக்கும்போது தன் சொந்த வெப்பத்தையும் சேர்த்துக் கொடுப்பதால் ஏற்றம் வேகமாக இருக்கும். உள்ளே மாதிரிகளோ மருந்தோ இருந்தால் பாழ். ஹீட் சிங்க் விசிறி நின்றுபோனாலும் ஆபத்துதான். விலை குறைந்த தகடுகளில் 138 டிகிரியில் உருகும் சால்டர் இருக்கும்.

இதை மென்பொருளில் மட்டும் தடுக்க நினைக்காதீர்கள். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் நிற்கும், கேட்டை அணைத்தும் பயனில்லை. சப்ளை கம்பியிலேயே ஒரு ஃபியூஸும், தகட்டின் இரு பக்கமும் சூட்டில் தானாகத் துண்டிக்கும் பைமெட்டல் கட்ஆஃபும் தொடர் இணைப்பில் போடுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன், ரிலேயைச் சூடாக்கும் நிலையிலேயே பிடித்துவைத்துக்கொண்டு கன்ட்ரோலரைக் குளிர்விக்கச் சொல்லிப் பாருங்கள். கட்ஆஃப் துண்டிக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.