காதல் நாவலை ஒலிப்புத்தகமாக்கும் குரல்

காதல் நாவலைப் பதிவுசெய்ய வரும் புதிய வாசிப்பாளர்கள் பலர், நாயகனுக்கொரு குரலும் நாயகிக்கொரு குரலும் தயார்செய்துகொண்டுதான் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறார்கள். பதிவை நெறிப்படுத்துபவன் என்ற முறையில் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, கதைசொல்லியின் குரல் எப்படி இருக்கப்போகிறது என்பதைத்தான். ஏனெனில், செவ்வியல் காதல் நாவல்களில் உணர்ச்சியின் பெரும்பகுதி உரையாடலுக்கு வெளியேதான் இருக்கிறது.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 34-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். நாயகன் டார்சி உள்ளே வருகிறார்; சற்று உட்கார்கிறார்; எழுந்து நடக்கிறார்; பிறகு நாயகி எலிசபெத்திடம் தன் காதலைச் சில வரிகளில் சொல்கிறார். அதற்குமேல் அவர் என்ன பேசினார் என்பதை ஆஸ்டின் அவர் வாயால் சொல்லவிடாமல், அவளுடைய குடும்பம் தனக்குத் தாழ்ந்தது என்று அவர் விரித்துரைத்ததையெல்லாம் தாமே சுருக்கிச் சொல்லிவிடுகிறார். மறுக்கப்படப்போகும் அந்த மனிதருக்காக முதலில் வருந்தும் எலிசபெத், அவர் பேசப்பேசக் கோபம் கொள்கிறாள். இங்கே டார்சியின் குரலில் வாசித்தால் காட்சி கெட்டுவிடும். கதைசொல்லியின் அதே குரல், அவருடைய செருக்கையும் அவளுடைய ஏறிவரும் கோபத்தையும் ஒருசேரச் சுமக்க வேண்டும். ஆகவே இந்தப் பத்தியை முதலில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசிக்கச் சொல்லி, இரக்கம் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்வேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் கோபம் குரலில் தெரியவே கூடாது.

இந்த நாவல் 1813 ஜனவரியில் வெளியானதும், ஆஸ்டின் குடும்பத்தினர் தங்கள் சாட்டன் கிராமத்து வீட்டில் அதை உரக்க வாசித்தார்கள். தன் தாயார் பாத்திரங்களை நன்கு புரிந்துகொண்டிருந்தும் வேகமாக வாசித்ததால், அவர்கள் பேசவேண்டிய விதத்தில் பேச அவரால் முடியவில்லை என்று ஆஸ்டின் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதினார். ‘என்றார்’, ‘என்றாள்’ என்று இன்னும் சில இடங்களில் சேர்த்திருந்தால் பேசுபவர் யாரென்பது தெளிவாகியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அவர் விட்ட அந்த இடைவெளியை நிரப்புவது வாசிப்பாளரின் பொறுப்பு. அதற்காகப் பெண் வாசிப்பாளர்கள் ஆண் பாத்திரங்களுக்குத் தொண்டையை அழுத்திப் பேசுவதை நான் அனுமதிப்பதில்லை. அது செயற்கையாக ஒலிப்பதோடு குரல்வளையையும் வருத்தும். டார்சிக்கு நிதானம், அவருடைய நண்பர் பிங்லிக்குச் சுறுசுறுப்பு என வேகத்தை மாற்றினாலே கேட்பவருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும்.

61 அத்தியாயங்கள் கொண்ட முழு நாவலும் ஏறத்தாழ 11 அல்லது 12 மணிநேரம் ஒலிக்கும். பதிவு பல நாட்கள் நீளும் என்பதால், ஒவ்வொரு பாத்திரத்தின் குரலுக்கும் ஒரு மாதிரித் துணுக்கைச் சேமித்துவைத்து, அன்றாடம் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். குரல் கரகரத்தால் அன்றைய பதிவை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தால், மறுநாள் அந்தப் பகுதியைத் திரும்பப் பதிவுசெய்ய நேரும்.

நேயர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்த நாவல் என்பதால், 2005 முதல் இயங்கும் லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த இலவசப் பதிவுகளும், ரோசமண்ட் பைக் போன்ற நடிகர்கள் வாசித்த விற்பனைப் பதிவுகளும் கிடைக்கின்றன. சுருக்கப்பட்ட பதிப்பா, முழு நாவலா என்று முதலில் பாருங்கள். இலவசப் பதிவென்றால் முதல் அத்தியாயத்தை வைத்து முடிவுசெய்யாமல், நேராக 34-ஆம் அத்தியாயத்துக்குச் செல்லுங்கள். டார்சி பேசி முடித்தபின் வரும் பத்தியை வாசிப்பாளர் அவசரமாகக் கடந்துவிட்டால், வேறொரு பதிவைத் தேடிக்கொள்ளலாம்.