தோட்டத்துச் சோலாரும் கோடை இடியும்

மின்வாரியக் கம்பி போய்ச் சேராத தோட்டத்து வீடுகள் நம் மலைச்சரிவுகளில் இன்னும் இருக்கின்றன. கூரையில் நாலு சோலார் பேனல், உள்ளே பேட்டரிக்கு அளவாக மின்சாரம் அனுப்பும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரியின் டிசியை ஏசியாக மாற்றும் ஓர் இன்வெர்டர், மூலையில் பேட்டரி என்று அந்த வீட்டின் வெளிச்சம், மோட்டார், செல்போன் சார்ஜ் எல்லாம் இதை நம்பித்தான் ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்க வெயில் காய்ந்துவிட்டு, சாயங்காலம் மேகம் கூடி இடி இறங்கும். மறுநாள் காலையில் பார்த்தால் கன்ட்ரோலரின் திரையில் ஒன்றும் தெரியாது. "எங்க வீட்டு மேல இடி விழவே இல்லீங்க, அந்தப் பக்கத்துப் பனைமரத்துலதான் விழுந்துச்சு" என்பார் வீட்டுக்காரர். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். மின்னல் பாதுகாப்புக்கான ஐஇசி 62305 என்ற சர்வதேசத் தரத்தில், தனியாக நிற்கும் கட்டடம் தன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் வரை சுற்றிலும் இறங்கக்கூடிய மின்னலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் என்று கொள்கிறார்கள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள வீட்டுக்கு அந்தப் பரப்பு சுமார் 1,400 சதுர மீட்டர். அதே வீட்டைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், பரப்பு 1,25,000 சதுர மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட 90 மடங்கு. ஆக, நேராக வீட்டின் மேல் விழும் ஒரு மின்னலுக்கு, பக்கத்தில் விழுவது பல மடங்கு. பக்கத்தில் விழுவதைத் தாங்கும்படி வீட்டைத் தயார் செய்துவிட்டாலே பெரும்பாலான சேதம் தவிர்ந்துவிடும். அதைச் சாதாரணச் செலவில் செய்ய முடியும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பக்கத்தில் விழும் மின்னல் வீட்டுக்குள் எப்படி வருகிறது? இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று ஆகாய வழி, இன்னொன்று தரை வழி.

முதலில் ஆகாய வழி. மின்னல் பாயும் பாதையைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகும். வழக்கமான ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அந்த மின்னோட்டம் ஏறும் வேகம்தான் ஆபத்து. ஒரே மின்னலுக்குள் மூன்று நான்கு வீச்சுகள் அடுத்தடுத்து வரும். இரண்டாவது, மூன்றாவது வீச்சுகள் ஒரு மைக்ரோ நொடிக்குள், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள், உச்சத்தைத் தொட்டுவிடும். வேகமாக மாறும் காந்தப்புலம் எந்த ஒயர் வளையத்தின் ஊடே போனாலும் அதில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததுதான்.

சரி, பேனல் ஒயரில் வளையம் எங்கே இருக்கிறது? கூரையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ப்ளஸ் ஒயர் பேனல் வரிசையின் இடது ஓரமாக இறங்கும். மைனஸ் ஒயர் வலது ஓரத்திலிருந்து வேறொரு சுவர் வழியாக வரும். இரண்டுக்கும் நடுவில் பத்து சதுர மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். நூறு மீட்டர் தள்ளி விழும் மின்னலில் ஒரு மைக்ரோ நொடிக்கு 30,000 ஆம்பியர் வீதம் ஏறினால், அந்த வளையத்தில் சுமார் 600 வோல்ட் பிறக்கும். இந்த மாதிரி வீடுகளில் உள்ள கன்ட்ரோலர் பலவற்றின் தாங்கும் எல்லை 150 வோல்ட். அதே ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, போன வழியே திரும்பி வரும்படி கட்டி, வளையத்தை அரை சதுர மீட்டருக்குக் குறைத்தால் 600 வோல்ட் 30 ஆகிவிடும். இதற்குத் தனிச் சாதனம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கொஞ்சம் கூடுதல் ஒயரும் ஒயரிங் செய்கிறவரின் கவனமும் போதும். இரண்டு ஒயரையும் ஒரே இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயின் இரண்டு முனையையும் எர்த் செய்தால் இன்னும் நல்லது.

தரை வழிதான் நம் ஊரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. எர்த் என்றால் மின்னலை விழுங்கிக்கொள்ளும் ஒரு பள்ளம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் தடை உண்டு. நன்றாகப் போடப்பட்ட எர்த்தில் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட, 10,000 ஆம்பியர் அதில் இறங்கும் நேரத்தில் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் ஒரு லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். மண்ணும் அப்படியே. பாறை கலந்த காய்ந்த மண்ணில் 30,000 ஆம்பியர் மின்னல் இறங்குகிறது என்போம். மண்ணின் தன்தடையை 500 ஓம் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், விழுந்த இடத்திலிருந்து 50 மீட்டரில் தரையின் மின்னழுத்தம் சுமார் 48,000 வோல்ட் இருக்கும். 70 மீட்டரில் 34,000. இருபது மீட்டர் இடைவெளியில் கிட்டத்தட்ட 14,000 வோல்ட் வித்தியாசம். மரத்தடியில் ஒதுங்கிய மாடு, மின்னல் அதன் மேல் படாமலேயே சாவதும் இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே வரும் வித்தியாசம் உடம்பு வழியாகப் பாய்கிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். "பேனலுக்குத் தனி எர்த், இன்வெர்டருக்குத் தனி எர்த், அப்பத்தான் சார் சேஃப்டி" என்று எலக்ட்ரீஷியன்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். தோட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு குழி, வீட்டுப் பின்னால் ஒரு குழி. இரண்டும் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், பனைமரத்தில் மின்னல் விழுந்த அந்தக் கணத்தில் பேனல் சட்டம் 48,000 வோல்ட்டில் நிற்கும், இன்வெர்டரின் உடம்பு 34,000 வோல்ட்டில் நிற்கும். இரண்டையும் இணைப்பது பேனலிலிருந்து வரும் ஒயரும் அதன் முனையில் இருக்கும் கன்ட்ரோலரும்தான். மீதி 14,000 வோல்ட் அந்தக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற சின்னஞ்சிறு எலக்ட்ரானிக் சுவிட்சுகளைக் கிழித்துக்கொண்டு போகும்.

இரண்டு குழியையும் தரைக்கடியில் ஒரு ஜி.ஐ. பட்டையால் இணைத்துவிட்டால், அந்த மின்னோட்டத்துக்குப் பட்டை வழி கிடைத்துவிடும். கன்ட்ரோலர் வழியாகப் போக வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். வீட்டில் உள்ள எல்லாப் பொருளும் சேர்ந்தே மேலே ஏறும், சேர்ந்தே இறங்கும். உயரழுத்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாததற்கு என்ன காரணமோ, அதுவேதான் இங்கேயும். எத்தனை குழி வேண்டுமானாலும் தோண்டுங்கள், நல்லதுதான். ஆனால் அத்தனையையும் ஒன்றாகக் கட்டுங்கள். பேனல் சட்டத்திலிருந்து வரும் எர்த் கம்பியும் ப்ளஸ், மைனஸ் ஒயர்களை ஒட்டியே ஓடிவரட்டும். அது சுற்றிக்கொண்டு போனால் மறுபடியும் ஒரு வளையம் உண்டாகிவிடும்.

பாறை நிலத்தில் ஆழமாகக் கம்பி இறங்காது. அங்கே ஒரே குழியோடு மல்லுக்கட்டுவதைவிட, வீட்டைச் சுற்றி அரை மீட்டர் ஆழத்தில் பட்டையை வளையமாகப் புதைப்பது மேல். உப்பும் கரியும் போடும் வழக்கம் தடையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மழையில் உப்பு கரைந்து போகும், இருக்கும்வரை இரும்பை அரிக்கும். பெண்டோனைட் களிமண் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இடி அதிகம் வரும் கோடையில்தான் மண் மிகவும் காய்ந்து கிடக்கும் என்பதால், மழைக்காலத்தில் அளந்த எர்த் தடையை நம்பிவிடக் கூடாது.

போர்வெல் இருக்கும் வீட்டில் இன்னொரு எர்த்தும் இருக்கிறது, பலருக்கும் அது எர்த் என்றே தோன்றுவதில்லை. நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும் மோட்டாரைவிட நல்ல எர்த் தோட்டத்தில் வேறு எங்கும் கிடைக்காது. பேனல் பக்கம் மின்னழுத்தம் ஏறினால், அது கன்ட்ரோலரைக் கடந்து, கேபிள் வழியாக மோட்டாரைத் தேடித்தான் ஓடும். போகிற வழியில் பம்ப் கன்ட்ரோலரும் போகும், சில நேரம் மோட்டார் சுருளும் போகும். குழாயை உருவி மோட்டாரை வெளியே எடுக்கும் செலவு என்னவென்று விவசாயிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரும்புக் கேசிங் பைப்பாக இருந்தால் அதையும் பொது எர்த்தோடு சேர்த்துவிடுங்கள், மோட்டார் கேபிள் கிளம்பும் இடத்தில் ஓர் எஸ்பிடியும் போடுங்கள்.

எஸ்பிடி என்பது அதிமின்னழுத்தத்தை ஒதுக்கி எர்த்துக்கு அனுப்பும் சாதனம். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முகப்பில் பச்சையாக ஒரு சின்ன ஜன்னல். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு பொடியை அழுத்திச் சுட்ட ஒரு வில்லை. பொடியின் ஒவ்வொரு துகளும் அடுத்த துகளைத் தொடும் எல்லையில் சுமார் 3 வோல்ட் வரை மின்சாரத்தை விடாது, அதைத் தாண்டினால் சட்டென்று வழிவிடும். இப்படிப் பல எல்லைகள் வரிசையாகச் சேர்வதால், வில்லை எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற மின்னழுத்தத்தில் வேலை செய்யும். 1960களின் கடைசியில் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவான பொருள் இது. சாதாரண நேரத்தில் எதையும் கடத்தாது. எல்லை மீறினால் நானோ நொடிகளில் ஆயிரக்கணக்கான ஆம்பியரை எர்த்துக்குத் திருப்பிவிடும். அடிவாங்க அடிவாங்க வில்லை தளர்ந்து சூடாகும். அப்போது அதோடு ஒட்டியிருக்கும் ஈயப் பற்று உருகி, ஒரு ஸ்பிரிங் விலகி இணைப்பைத் துண்டிக்கும், ஜன்னல் சிவப்பாகும்.

இங்கே வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடையில் எளிதாகக் கிடைப்பது 1,000 வோல்ட், 600 வோல்ட் சோலார் எஸ்பிடிகள். அவை மின்வாரியத்தோடு இணைத்த, பத்து இருபது பேனலை வரிசையாகக் கோர்த்த அமைப்புகளுக்கு உரியவை. நம் வீட்டில் 540 வாட் பேனல் இரண்டை வரிசையாகக் கோர்த்தால் 100 வோல்ட்தான் வரும். மலைக்குளிரில் நாலைந்து வோல்ட் ஏறலாம். 1,000 வோல்ட் எஸ்பிடி தன் வேலையைத் தொடங்குவதற்குள் 150 வோல்ட் கன்ட்ரோலர் போய்ச் சேர்ந்திருக்கும். பேனல் தரும் உச்ச மின்னழுத்தத்துக்குச் சற்று மேலே, 150 வோல்ட் அளவில் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏசிக்கு உரியதை டிசியில் மாட்டவும் கூடாது. ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானாக அணையும். பேனலின் டிசியில் அந்த இடைவேளை கிடையாது, எழுந்த பொறி எரிந்துகொண்டே இருக்கும். சோலாருக்கான எஸ்பிடியின் தரம் ஐஇசி 61643-31, பெட்டியில் அது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல எஸ்பிடி வாங்கினாலும் மாட்டும் விதத்தில் அது வீணாகலாம். பெட்டியைத் திறந்தால், எஸ்பிடியிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் பச்சை ஒயரை, மிச்சத்தை வெட்ட மனம் வராமல், நாலு சுற்றுச் சுற்றி டேக் போட்டு அழகாகக் கட்டியிருப்பார்கள். நேரான ஒயருக்கே மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. எஸ்பிடியைச் சோதிக்கும் அலைவடிவத்தில் மின்னோட்டம் 8 மைக்ரோ நொடியில் உச்சிக்கு ஏறும். 10,000 ஆம்பியர் அப்படி ஏறினால் ஒரு மீட்டர் ஒயரில் மட்டும் 1,250 வோல்ட் எழும். எஸ்பிடி எவ்வளவு அடக்கினாலும் இந்த 1,250 அதன் மேல் கூடி கன்ட்ரோலருக்குப் போகும். சுருளாகச் சுற்றினால் இன்னும் மோசம். ஒயரைத் தடிமனாக்குவதால் பெரிய மாற்றம் வராது, நீளத்தைத்தான் குறைக்க வேண்டும். இரண்டு பக்க ஒயரும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மிச்சத்தை வெட்டி எறியுங்கள்.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் பத்து மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் இரண்டு முனையிலும் எஸ்பிடி தேவை. இன்வெர்டரின் ஏசி பக்கத்திலிருந்து மாட்டுக்கொட்டகைக்கோ வாசல் விளக்கிற்கோ ஒயர் போனால் அதற்கு ஓர் ஏசி எஸ்பிடி. கேமராவுக்குப் போகும் லேன் கேபிளையும் மறந்துவிட வேண்டாம்.

வீடு குன்றின் உச்சியில் தனியாக நின்றால் இடிதாங்கியும் வேண்டும். ஆனால் இடிதாங்கி கூரையையும் ஆட்களையும் காக்கும், எலக்ட்ரானிக்ஸைக் காக்காது. எஸ்பிடியும் பொது எர்த்தும் இல்லாமல் அதை மட்டும் நட்டால், மொத்த மின்னோட்டத்தையும் பேனல் ஒயருக்கு அருகிலேயே இறக்கிவிட்டதாகிவிடும். நிழல் பேனல் மேல் விழாத இடமாகப் பார்த்து நட வேண்டும் என்பது தனி விஷயம்.

இதையெல்லாம் செய்தபின்னும், நேரடி மின்னலை ஒரு சின்ன எஸ்பிடியால் தாங்க முடியாது. மின்வாரியத்தை நம்பாத வீட்டுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: பேனலின் இணைப்பை மொத்தமாகக் கழற்றிவிடலாம். ஊருக்குப் போகும்போதும், வானம் கறுக்கத் தொடங்கும்போதும் ஐசொலேட்டரை (பேனல் ஒயரைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு, அப்புறம் ப்ளஸ், மைனஸ் இரண்டு கனெக்டரையும் உருவித் தள்ளி வையுங்கள். ஐசொலேட்டரை அணைக்காமல் உருவினால் பொறி பறக்கும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அதன் உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது மின்னலுக்குப் பெரிய காரியமில்லை. இடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் ஒயரைத் தொடவே வேண்டாம், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் (ஐஐடிஎம்) உருவாக்கிய தாமினி செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் நெருங்குவதை முன்கூட்டியே காட்டும்.

மழை விட்ட மறுநாள் எஸ்பிடி ஜன்னல்களை ஒருமுறை பாருங்கள். எல்லாம் பச்சையாக இருந்தும் சார்ஜ் குறைவாக ஏறுகிறது என்றால், வெயில் நேரத்தில் ஒவ்வொரு பேனலையும் தனியாகக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 49 வோல்ட் காட்டவேண்டிய பேனல் 33 காட்டினால், அதன் பின்பக்கப் பெட்டியில் இருக்கும் மூன்று பைபாஸ் டயோடுகளில் (நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்சாரத்துக்கு மாற்றுவழி தருபவை) ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பெட்டி சிலிகானால் அடைக்கப்படாததாக இருந்தால் டயோடை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பேனலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.